எல்லைக்கோடு, அலாரம், அலைபேசி: ராமநாதபுரம் கடலோரத்துக்கான கேள்வி-பதில்

இருக்கும் இடத்தை வைத்து ஒரு கருவி என்ன செய்ய வேண்டும், ஒரு தகவல் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஏற்பாட்டை ஜியோஃபென்ஸ் என்பார்கள். தமிழில் இடவேலி என்று வைத்துக்கொள்ளலாம். தொண்டி முதல் மூக்கையூர் வரை படகு வைத்திருப்பவர்கள், கருவி செய்து பார்க்கும் மாணவர்கள், வெளிநாட்டில் உறவுள்ள வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கடல் எல்லை பற்றியவைதான் அதிகம், அதில் தவறினால் இழப்பு பெரிது என்பதால்.

இடவேலி எப்படி வேலை செய்கிறது?

மூன்று வேலை நடக்கிறது. கருவி தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த இடத்தை ஏற்கெனவே பதிந்த கோட்டோடு ஒப்பிடுகிறது. கோட்டை நெருங்கினாலோ தாண்டினாலோ சொன்ன வேலையைச் செய்கிறது. கோடு சரியா என்று கருவிக்குத் தெரியாது, நீங்கள் கொடுத்ததுதான் அதற்குக் கோடு. எங்களிடம் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஜி.பி.எஸ். தப்பாகக் காட்டியதால் வந்தவை அல்ல. கோடு தப்பாக ஏறியிருக்கும், அல்லது கருவி தூங்கிப் போயிருக்கும்.

இந்திய–இலங்கை கடல் எல்லைக்கு எந்தப் புள்ளிகளைப் பதிய வேண்டும்?

பாக் நீரிணைக்கு 1974 ஜூன் ஒப்பந்தம் ஆறு புள்ளிகளைத் தருகிறது. வடக்கிலிருந்து தெற்காக, வட அட்சம் முதலில், கிழக்குத் தீர்க்கம் பிறகு:

1) 10°05.00', 80°03.00'
2) 9°57.00', 79°35.00'
3) 9°40.15', 79°22.60'
4) 9°21.80', 79°30.70'
5) 9°13.00', 79°32.00'
6) 9°06.00', 79°32.00'

மன்னார் வளைகுடாவுக்கான 1976 மார்ச் ஒப்பந்தம் இந்த ஆறாவது புள்ளியிலிருந்தே தொடங்கி 9°00.0', 79°31.3' என்றும், பிறகு 8°53.8', 79°29.3' என்றும், 8°40.0', 79°18.2' என்றும் தென்மேற்காக இறங்குகிறது. அதற்குத் தெற்கேயும் புள்ளிகள் உண்டு. பதிந்து முடித்ததும் உங்கள் பகுதி மீன்துறை அலுவலகத்தில் உள்ள பட்டியலோடு ஒரு முறை வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையைப் பார்ப்பதுதான் பிழை பிடிக்கும் வழி.

நான்காவது புள்ளி கச்சத்தீவுக்கு மேற்கே, தீவை ஒட்டி இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 12 முதல் 13 கடல்மைல் (ஒரு கடல்மைல் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்; இனி மைல் என்றால் கடல்மைல்தான்).

புள்ளியைச் சரியாகத்தான் போட்டோம். ஆனாலும் கோடு வேறு இடத்தில் விழுகிறதே?

9°40.15' என்பது 9 பாகை (டிகிரி), 40.15 கலை (மினிட்). அதாவது கலைக்குத்தான் தசமம், 15 விகலை (செகண்ட்) அல்ல. விகலையாக எழுதினால் 9°40'09" வரும். 40'15" என்று போட்டால் கோடு வடக்கே 180 மீட்டருக்கு மேல் நகரும். அது பரவாயில்லை என்றாலும், 79°22.60' என்பதை 22 கலை 60 விகலை என்று படித்தால் அது 23 கலை ஆகிவிடும். கோடு கிழக்கே ஏறத்தாழ 730 மீட்டர் போகும், உங்கள் அலாரம் அந்த அளவு பிந்தும்.

இதைவிடப் பெரிய பிழை, தசமப் பாகை கேட்கும் செயலியில் 9°21.80'-ஐ 9.2180 என்று போடுவது. சரியான எண் 9.36333. (21.80-ஐ 60-ஆல் வகுத்து 9-உடன் கூட்டுங்கள்.) இந்த ஒரு எண்ணில் புள்ளி தெற்கே 16 கிலோமீட்டர் போய்விடுகிறது. பதிந்ததும் வரைபடத்தில் கோட்டை விரித்துப் பாருங்கள். கச்சத்தீவு கோட்டுக்குக் கிழக்கே விழ வேண்டும், நான்காவது புள்ளி தீவை ஒட்டியே இருக்க வேண்டும். தீவு மேற்கே விழுந்தாலோ, புள்ளி தீவை விட்டுத் தள்ளி இருந்தாலோ அன்றைக்குக் கடலுக்கு அந்தக் கருவியோடு போகாதீர்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அளவைமுறை டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய காகித வரைபடத்திலிருந்து ஸ்கேல் வைத்து எடுத்த புள்ளிகள் வேறு அளவைமுறையில் இருக்கலாம். நூறு, இருநூறு மீட்டர் விலகல் அதில் சாதாரணம். அதனால்தான் கோட்டின் மேலேயே அலாரம் வைக்கக் கூடாது.

அப்படியானால் எவ்வளவு தூரத்தில் அலாரம் வைக்க?

மடியை (இழுவலையை) ஏற்ற ஆகும் நேரத்தை வைத்துத்தான் இதைக் கணக்குப் போட வேண்டும். அடுத்த தங்கலில் (கடல் பயணத்தில்) கடிகாரம் வைத்துப் பாருங்கள்: விஞ்ச் சுற்றத் தொடங்கியதிலிருந்து மடி மேலே வந்து படகு திரும்பும் வரை எத்தனை நிமிடம்? அதைப் படகின் வேகத்தால் பெருக்கி 60-ஆல் வகுத்து, ஒரு கடல்மைல் கூட்டுங்கள். 30 நிமிடம் ஆகிறது, இழுக்கும்போது வேகம் 3 நாட் (மணிக்கு 3 கடல்மைல்) என்றால் 1.5 மைல், கூட 1 மைல், ஆக 2.5. முதல் அலாரத்தை 3 மைலில் வையுங்கள், இரண்டாவதை 2-ல், விடாமல் அடிக்கும் மூன்றாவதை 1-ல்.

மடி இல்லாமல் 8 நாட்டில் ஓடும் படகுக்கு ஒரு மைல் என்பது ஏழரை நிமிடம்தான்.

தெற்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அரிச்சல்முனையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 5 கடல்மைலிலேயே கோடு வந்துவிடுகிறது. அங்கே 3 மைல் அலாரம் பாதி நாள் அடிக்கும். பாதி நாள் அடிக்கிற அலாரத்தை யாராவது ஒருவர் வயரைப் பிடுங்கிவிடுவார். ஆகவே 9°15'-க்குத் தெற்கே தனி அளவு வையுங்கள்: 2 மைல், 1 மைல் என்று இரண்டே கட்டம். அந்தக் கடலில் நீவாடு (நீரோட்டம்) கிழக்கே இழுக்கும் நாளில் மடி போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கல்லூரி புராஜெக்டுக்கு எல்லை அலாரம் செய்கிறோம். எல்லை வந்தால் எஞ்சினை நிறுத்தும் ரிலே (தானாக இயங்கும் மின் சுவிட்ச்) சேர்க்கலாமா?

வேண்டாம். இந்தக் கடலோரத்துப் பொறியியல் மாணவர்கள் பலர் எடுக்கும் தலைப்பு இது, அக்கறையோடுதான் எடுக்கிறார்கள். ஆனால் எஞ்சின் நின்ற படகு நின்ற இடத்தில் நிற்காது. காற்றும் நீவாடும் தள்ளும். ஒன்றரை நாட் ஓட்டத்தில் 40 நிமிடத்தில் ஒரு மைல் போய்விடும். கச்சான் (மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணையில் அது தள்ளுவது கிழக்கே, அதாவது எல்லைக்கு. திரும்பி வர எஞ்சின் தேவைப்படும் அந்த நிமிடத்தில் எஞ்சினைப் பறிப்பது மனிதரைக் கைவிடுவது. மடி அடியில் கிடக்க, விஞ்சுக்கு விசை இல்லாமல், பக்கத்துப் படகு இரவில் மேலே வந்து மோதவும் வழி இருக்கிறது.

இயந்திர ரீதியிலும் அது அவ்வளவு எளிதல்ல. படகு டீசல் எஞ்சின் பெட்ரோல் வண்டி போலத் தீப்பொறியை வெட்டினால் நிற்காது. பல படகுகளில் எரிபொருளைக் கையால் இழுத்து நிறுத்தும் லீவர்தான் உண்டு. மேசையில் சிறு மோட்டாரை நிறுத்திக் காட்டும் ரிலே அங்கே எதையும் நிறுத்தாது.

எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையே நன்றாகச் செய்தால் போதும்.

சரி, எச்சரிக்கைக் கருவிக்கு என்னென்ன பாகங்கள்?

நியோ 6எம் ஜி.பி.எஸ். மாட்யூல், நிரல் ஓடும் சிறு கணினியான ஈ.எஸ்.பி.32 போர்டு, படகு பேட்டரியிலிருந்து 5 வோல்ட் தரும் பக் கன்வெர்ட்டர், 2 ஆம்பியர் ஃபியூஸ், 10 ஆம்பியர் ரிலே, லாரி ஹார்ன், சிவப்பு விளக்கு. பேட்டரி 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். 24 வோல்ட் படகில் 28-ஐத் தாண்டும். கன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும், ஹார்னும் ரிலேயும் படகின் வோல்ட்டுக்குப் பொருந்த வேண்டும். ரிலே காயிலின் குறுக்கே ஒரு டையோடு தலைகீழாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகும். ஹார்னுக்கு போர்டின் மின்சாரம் எடுக்காதீர்கள், பேட்டரியிலிருந்து தனி வயர்.

மாணவர்கள் வைக்கும் சிறு பஸ்ஸர் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. வீல் ஹவுஸில் இருப்பவருக்கு விளக்கு, மேல்தளத்தில் மீன் பிரிப்பவர்களுக்கு ஹார்ன், இரண்டும் வேண்டும்.

ஆன்டெனா கூரைக்கு மேலே, வானம் முழுக்கத் தெரியும்படி. தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் செயற்கைக்கோள் பிடிக்காது. போர்டுக்குப் பூச்சு வார்னிஷ் அடித்து, பெட்டியில் வயர் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். மேலே துளை வைத்த பெட்டியில் உப்புத்தண்ணீர் வயர் வழியே இறங்கி, இரண்டு மூன்று மாதத்தில் பச்சை பிடித்த முனைகள் மிஞ்சும்.

நிரலில் எங்கே தவறுகிறது?

மூன்று இடத்தில்.

முதலாவது, ஜி.பி.எஸ். மாட்யூல் இடத்தையும் நேரத்தையும் எழுத்தாக அனுப்பும் ஆர்.எம்.சி. வரி. அதில் அட்சம் 0940.1500 என்று வரும். முதல் இரண்டு இலக்கம் பாகை, மிச்சம் கலை. 100-ஆல் வகுத்து 9.4015 என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். சரியானது 9 + 40.15/60 = 9.66917.

இரண்டாவது, தூரக் கணக்கு. எல்லைப் புள்ளிகளுக்கு உள்ள தூரத்தை மட்டும் அளந்தால் ஆபத்து. படகு 9°30.00', 79°25.00'-ல் நிற்பதாக வைப்போம். மூன்றாம் புள்ளிக்கு 10.4 மைல், நான்காம் புள்ளிக்கு 9.9 மைல். "இன்னும் பத்து மைல் இருக்கிறது" என்று கருவி சும்மா இருக்கும். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்கு உண்மையான தூரம் 1.9 மைல்தான். கணக்கு இப்படி: எல்லாவற்றையும் கலையாக மாற்றுங்கள். அட்சக் கலை ஒன்று ஒரு கடல்மைல். நம் கடலில் தீர்க்கக் கலை ஒன்று 0.987 மைல். மூன்றாம் புள்ளியிலிருந்து நான்காவதுக்குக் கிழக்கே 7.99, தெற்கே 18.35, நீளம் 20.0. மூன்றாம் புள்ளியிலிருந்து படகுக்குக் கிழக்கே 2.37, தெற்கே 10.15. குறுக்குப் பெருக்கல்: 7.99 × 10.15 − 18.35 × 2.37 = 37.6. இதை 20.0-ஆல் வகுத்தால் 1.88. இந்த எழுத்து முறையில் விடை கூட்டல் குறியில் வந்தால் படகு நம் பக்கம், கழித்தல் குறியில் வந்தால் தாண்டிவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் இப்படிப் பார்த்து, செங்குத்து விழும் இடம் துண்டுக்கு வெளியே போனால் அருகிலுள்ள புள்ளியின் தூரத்தை எடுங்கள்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. செயற்கைக்கோள் தொடர்பு விட்டுப்போனால் பல நிரல்கள் கடைசியாகக் கிடைத்த இடத்தையே பிடித்து வைத்திருக்கும். படகு ஓடிக்கொண்டிருக்கும், திரையில் புள்ளி நகராது, அலாரம் அடிக்காது. ஆர்.எம்.சி. வரியில் நேரத்துக்கு அடுத்துள்ள எழுத்து 'ஏ' என்றால் இடம் நம்பத்தக்கது, 'வி' என்றால் இல்லை. 'வி' வந்தோ, வரியே வராமலோ 30 விநாடி கடந்தால் தனி ஒலியில் அலாரம் அடிக்க வேண்டும். சத்தம் இல்லாததைப் பத்திரம் என்று படகில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கருவி குருடாகிவிட்டால் அதை உரக்கச் சொல்லியாக வேண்டும்.

அலாரம் அடித்து நின்று அடித்து நின்று தொல்லை தந்தால் நுழையும் அளவை 2.0 என்றும் விலகும் அளவை 2.3 என்றும் வையுங்கள். தொடர்ந்து மூன்று அளவீடு ஒத்து வந்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள்.

கடலுக்குப் போகாமல் சோதிக்க முடியுமா?

முடியும், கட்டாயம் சோதிக்க வேண்டும். உச்சிப்புளி–மண்டபம் சாலைக்குக் குறுக்கே ஒரு பொய்க்கோட்டைப் பதிந்து, ராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் சன்னலோரம் வாருங்கள். கோட்டுக்கு 5.6 கிலோமீட்டரில் முதல் அலாரம், 3.7-ல் இரண்டாவது, 1.85-ல் மூன்றாவது அடிக்க வேண்டும். வழியில் ஆன்டெனாவை ஒரு எவர்சில்வர் டப்பாவால் மூடிப் பாருங்கள், 30 விநாடியில் குருட்டு அலாரம் வர வேண்டும். கடல் போலத் திறந்த வானத்தில் பார்க்க பாம்பன் சாலைப் பாலத்தின் 2.3 கிலோமீட்டர் நல்ல இடம். பொய்க்கோட்டை அழித்துவிட்டு உண்மைக் கோட்டைத் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள்.

இத்தனை சிரமம் எதற்கு, அலைபேசிச் செயலி போதாதா?

இரண்டாவது துணையாகப் போதும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் (ஃபிஷர் ஃபிரெண்ட்) செயலி எல்லை எச்சரிக்கையோடு வருகிறது. சிக்கல் அலைபேசியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் பொது இடவேலி வசதி கடைத்தெரு, அலுவலகம் போன்ற இடங்களுக்காகச் செய்யப்பட்டது: ஒரு செயலிக்கு 100 வேலி, ஐபோனில் 20. வேலி வட்டமாகத்தான் இருக்கும், நீளக் கோடாக இருக்காது. திரை அணைந்த நிலையில் தகவல் வர இரண்டு மூன்று நிமிடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மின்சேமிப்பு வசதி செயலியைத் தூங்க வைத்துவிடும். கரையில் வைஃபையும் டவரும் சேர்ந்து இடம் காட்ட உதவுகின்றன, கடலில் அவை இல்லை.

செய்ய வேண்டியவை: இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று மாற்றுங்கள். அந்தச் செயலிக்கு மட்டும் மின்சேமிப்பை அணையுங்கள். அலைபேசியைச் சார்ஜரில் போட்டு, திரை எரிய, கண்ணாடி ஓரம் வையுங்கள். கரையை விட்டுக் கிளம்பும் முன் இணையம் இருக்கும்போதே ஒரு தடவை இடம் பிடிக்க விடுங்கள். இணைய உதவி இல்லாமல் புதிதாகத் தொடங்கும் அலைபேசி பல நிமிடம் தடுமாறும்.

அரசு தரும் இருவழி டிரான்ஸ்பாண்டர் கிடைத்திருந்தால் அதுவே முதன்மை. டவர் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியே செய்தி போய்வரும், எல்லை எச்சரிக்கையும் ஆபத்துப் பொத்தானும் உண்டு.

மன்னார் வளைகுடா தீவுகளுக்கும் வேலி போட வேண்டுமா?

போடுங்கள். கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் சங்கிலி. இங்கே வட்டம் உதவாது. வட்டமாகப் போட்டால் தீவுகளைச் சுற்றி அனுமதி உள்ள கடலையும் சேர்த்து விழுங்கும், அல்லது பவளப்பாறையின் ஓரத்தை வெளியே விட்டுவிடும். பலகோணமாகப் பதியுங்கள். எல்லையை வனத்துறையிடம் கேட்டு வாங்குங்கள்.

மீன் கிடைக்கும் இடத் தகவல் சில நாட்கள் எங்கள் ஊருக்கு மட்டும் வருவதில்லை. ஏன்?

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அந்தத் தகவல், இறங்குதளம் வாரியாகத் திசை, தூரம், ஆழம் என்று வரும். மேகம் மூடினால் செயற்கைக்கோளால் கடலின் வெப்பத்தையும் நிறத்தையும் பார்க்க முடியாது, அன்று தகவல் இல்லை. கடல் கொந்தளிப்பான நாளிலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்திலும் நம் கரைக்குக் கொடுப்பதில்லை. உங்கள் செயலியில் கோளாறு இல்லை.

தனுஷ்கோடியில் அலைபேசி இலங்கை நெட்வொர்க்குக்கு மாறிவிடுகிறது. ஆபத்தா?

பணத்துக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. அலைபேசிக்கு நாடு தெரியாது. உங்கள் நிறுவனத்தின் டவர் கேட்காமல் போனால், ரோமிங்குக்கு வழி இருக்கும் வேறு டவரைப் பிடிக்கும். இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரம் மாறிக் காட்டிக்கொடுக்காது. திரையின் மேலே நெட்வொர்க் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். முக்கியமானது இது: இலங்கை டவரில் இருக்கும்போது 112 அடித்தால் அந்த நாட்டு அவசர உதவிக்குத்தான் போகும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ம் கடலோரக் காவல்படையின் 1554-ம் அங்கிருந்து கிடைக்காது. டவர் வழியே பரப்பும் புயல் எச்சரிக்கையும் உங்களுக்கு வராது. படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16.

துபாயிலிருந்து கீழக்கரைக்கு வந்திருக்கிற மாப்பிள்ளைக்கு இங்கேயும் வாட்ஸாப் கால் போகவில்லை. இங்கே தடை இல்லையே?

அவர் வாட்ஸாப் அழைப்பைத் தடுக்கும் அமீரகத்தின் சிம் டேட்டாவில் இருப்பார். ரோமிங்கில் இணையப் போக்குவரத்து பெரும்பாலும் சிம்மின் சொந்த நாட்டுக்குப் போய்த்தான் வெளியேறுகிறது. உடல் கீழக்கரையில் இருந்தாலும் இணையத்தின் கண்ணுக்கு அவர் துபாயில். வீட்டு வைஃபையில் போடச் சொல்லுங்கள், உடனே போகும். இதே காரணத்தால் இந்திய சிம் ரோமிங்கில் அங்கே பேசுபவர்களுக்கு அழைப்பு கிடைத்துவிடுவதும் உண்டு. அமீரகத்தில் விபிஎன் போட்டுத் தடையைத் தாண்டச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள், பெரும் அபராதத்தில் முடியலாம்.

ட்ரோன் பறக்கவிட்டால்?

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. ட்ரோனுக்குள் நிறுவனம் வைத்திருக்கும் வேலி வேறு, நம் அரசின் வரைபடம் வேறு. ட்ரோன் மேலே எழும்புகிறது என்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அன்றைய நிறத்தைப் பார்த்துவிட்டே எடுங்கள். பச்சை மண்டலத்திலும் அதிகபட்சம் 400 அடிதான்.

நல்ல பாடு (மீன்) கிடைத்த பாரின் (கடலடிப் பாறையின்) இடம் வெளியே தெரிந்துவிட்டது. கருவியில் இருந்து கசிந்ததா?

முதலில் புகைப்படத்தைச் சந்தேகியுங்கள். கேமராவில் இருப்பிடம் எரிந்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சமும் தீர்க்கமும் எழுதப்பட்டுவிடும். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு அனுமதியோடு போகும்போது அலாரத்தை அணைக்கலாமா?

சுவிட்சை அணைக்காதீர்கள். திரும்பி வந்ததும் போட மறந்து, அடுத்த தங்கலுக்கு அணைந்தபடியே போய்விடும். கருவியில் நேரம் குறித்த மௌனம் ஒன்று வையுங்கள்: பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் ஒரு மணி நேரத்துக்கு ஹார்ன் மட்டும் அடங்க வேண்டும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மறுபடி தேவைப்பட்டால் மறுபடி அழுத்தட்டும்.